ஆற்றுமணலில் படுத்த நிழல்

ஆடி அமாவாசைக்கு மலையேறுகிறவர்கள் விருந்தாளிகளைப் போலப் போவதில்லை, வீட்டையே பெயர்த்து எடுத்துக்கொண்டுதான் போவார்கள். லாரியின் அடியில் மூங்கிலும் தென்னங்கிடுகும் தார்ப்பாயும், அதன் மேல் அண்டாவும் அம்மியும் அரிசிமூட்டையும், அதற்கும் மேலே கிழடும் குஞ்சுமாக மூன்று தலைமுறையும் ஏறி உட்கார்ந்து, வளைவுகளில் ஒருவர் மடியில் ஒருவர் சரிந்து, மேகலிங்க சாஸ்தா குடியிருக்கும் ஆற்றங்கரைக்குப் போய், அவரவர் பாட்டன் குடில் போட்ட அதே மணலில் குடில் போட்டு, சமைத்து, குளித்து, கும்பிட்டு, சண்டை போட்டு, சமாதானமாகி, அமாவாசை கழிந்து இறங்கி வருவார்கள். அப்படிப் போன ஒரு வருஷம், மந்திரமூர்த்தியின் குடிலுக்கு முன்னால் ஒரு நிழல் தன் ஆளை விட்டுவிட்டுத் தனியாகப் படுத்துத் தூங்கியது.

அது தூங்கியதில் அந்தக் கரையில் யாருக்கும் பெரிய ஆச்சரியம் இல்லை. எந்த வீட்டு நிழல் என்பதுதான் பேச்சாக இருந்தது.

அமாவாசைக்கு மறுநாள் அங்கே சும்மா நாள். நேர்த்திக்கடன் எல்லாம் தீர்ந்து, சாமியாடிகளின் குரல் கம்மிப்போய், சாஸ்தாவே அன்றைக்குக் கால் நீட்டிப் படுத்திருப்பார் என்று கோயிலில் மணிகூட அடிக்க மாட்டார்கள். அதற்கு அடுத்த நாள் காலையில் நிழல் வைத்துவிட்டு இறங்க வேண்டியதுதான். நிழல் வைப்பது என்றால், ஒவ்வொரு வீட்டாரும் சூரியனுக்கு முதுகைக் காட்டி வரிசையாக நிற்பார்கள். அவர்களுடைய நிழலெல்லாம் நீண்டு போய்ச் சாமிக்கு முன்னால் கிடக்கும் அகலப்பாறையில் விழும். பூசாரி செம்பில் ஆற்றுத் தண்ணீரை எடுத்து ஒவ்வொரு நிழலின் தலையிலும் தெளிப்பார். முகத்தை யாரும் எப்படியும் வைத்துக்கொள்ளலாம், அதனால் சாமி முகத்தை எண்ணாது, நிழலைத்தான் எண்ணும் என்பது அந்தக் கரையின் வழக்கு.

சும்மா நாளில் யாருக்கு என்ன வேண்டும் என்று முந்தின சாயங்காலமே கேட்டு ஏற்பாடு செய்வது வீட்டுப் பெரியவரின் பொறுப்பு. மந்திரமூர்த்திக்கு வருஷத்திலேயே பிடித்த வேலை அதுதான். மனைவி ஆவுடையம்மாள் போய்ச் சேர்ந்தபிறகு உரக்கடையை மூத்தவன் கோமதிநாயகத்திடம் விட்டுவிட்டவர் அவர்; ஊரில் அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை, கேட்டாலும் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. இங்கே அந்த ஒரு சாயங்காலம் மட்டும், மணலில் துண்டை விரித்து உட்கார்ந்து, எல்லாரையும் சுற்றி உட்காரவைத்து, ஒரு ராஜா வரம் கொடுப்பது போலக் கேட்பார்.

"அக்கா, முதல்ல நீ சொல்லு. நாளைக்கு உனக்கு என்ன வேணும்?"

"எனக்கு என்னல வேணும், மூர்த்தி," என்றாள் அவருடைய அக்கா பிச்சம்மா. "முட்டுக்கு நல்லெண்ணெ தேச்சு, நொச்சித்தழை போட்டு ஒரு அண்டா வெந்நி. பெறகு கொஞ்சம் உளுந்தங்களி. பல்லு போனவ வேற என்னத்தக் கேப்பா?"

கோமதிநாயகம் சீட்டாட வேண்டும் என்றான், நடுவில் யாரும் கூப்பிடக் கூடாது, டீ மட்டும் வந்துகொண்டே இருக்க வேண்டும். சென்னையிலிருந்து வந்திருந்த மகள் உலகம்மாள் தூங்க வேண்டும் என்றாள், எழுந்ததும் சூடாக இட்லி இருந்தால் போதும். பிள்ளைகள் பணியாரம் பணியாரம் என்று கத்தினார்கள். மாப்பிள்ளை மட்டும் கூச்சத்தோடு, "எனக்கு எதுவும் வேண்டாம் மாமா, எது சிரமமில்லையோ அது," என்றார்.

"அப்படிச் சொன்னா எப்படி? நாட்டுக்கோழி இருக்கு. குழம்பா, வறுவலா?"

மாப்பிள்ளை மணலைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டுமே நல்லாத்தான் இருக்கும்," என்றார்.

"அடி சக்கை! சிரமமில்லாத மனுசன்," என்றாள் பிச்சம்மா. எல்லாரும் சிரித்தார்கள்.

ஒவ்வொரு வரம் கொடுத்து முடிந்ததும் மந்திரமூர்த்தி தலையைத் திருப்பி, "செண்பகம், கேட்டுக்கிட்டியாம்மா?" என்பார். குடிலின் பக்கவாட்டில் சமையலுக்கென்று இறக்கியிருந்த கிடுகுச் சார்ப்பின் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த செண்பகவல்லி, கோமதிநாயகத்தின் மனைவி, "கேட்டேன் மாமா," என்பாள். இடையில் ஒரு குரங்கு தேங்காய் மூட்டைக்கு வந்தது. அவள் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி எங்கிருந்தோ ஒரு கம்பை எடுத்துத் தரையில் தட்டினாள், அது போய்விட்டது. அவ்வளவுதான், எல்லாரும் கேட்டாயிற்று என்று மந்திரமூர்த்தி துண்டை உதறி எழுந்தார். நாளைய தினம் அவர் மனதில் வாழையிலை விரித்தது போலப் பச்சையாகக் கிடந்தது.

செண்பகவல்லியும் சுளகை வைத்துவிட்டு அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு எழுந்தாள். மேற்கு மலை இடுக்கில் சூரியன் இறங்கிக்கொண்டிருந்த நேரம், எல்லார் நிழலும் பனைமர உயரத்துக்கு நீண்டிருந்தது. அவளுடையதும் நீண்டிருந்தது. ஆனால் அவள் எழுந்தபோது அது எழவில்லை. கால் வலித்தவன் செருப்பைக் கழற்றிப் போடுவது போல அவளைக் கழற்றிவிட்டு, மணலில் ஒருக்களித்து, ஒரு கையைத் தலைக்கடியில் கொடுத்து, முழங்காலை மடக்கி, அப்படியே தூங்கிப்போனது. அவள் நாலடி போய்த் திரும்பிப் பார்த்தாள். நடுவீட்டில் தூங்கும் பிள்ளையைத் தாண்டாமல் சுற்றிப் போகிறவளைப் போல அதைச் சுற்றிக்கொண்டு ஆற்றுக்குப் போனாள்.

"அசதியா இருந்தா படுக்கத்தான செய்யும்," என்றாள் பிச்சம்மா.

 மந்திரமூர்த்திக்கு முதலில் தோன்றியது, பக்கத்துக் குடில் தளவாய் பார்த்துவிடுவானே என்பதுதான்.

தளவாய் பார்த்துவிட்டான். அவனுக்கு இவரைவிட வயது குறைவு, வாய் அதிகம். ஈர்க்குச்சியைக் கடித்துக்கொண்டே வந்து நிழலைச் சுற்றி நடந்தான்.

"என்ன அண்ணாச்சி, வாசல்ல ஒரு நிழலு கிடக்கு. பொம்பள நிழலு மாதிரில்ல இருக்கு. உங்க வீட்டுதா?"

"எங்க வீட்டுதா?" என்று மந்திரமூர்த்தி சிரித்தார். சிரிப்பு அவ்வளவு இயல்பாக வந்ததில் அவருக்கே ஆச்சரியம். "எங்க வீட்டு நிழலு எதுக்கு வே இப்படி நடுமணல்ல கிடக்கு? மேல எங்கயாவது ஆத்துல விழுந்து அடிச்சிட்டு வந்திருக்கும்."

"ஈரமா இல்லையே."

"காஞ்சிருக்கும்."

தளவாய் குச்சியைத் துப்பினான். "பாவம், எந்த வீட்டுக்காரன் இப்படி வேல வாங்குனானோ," என்று சொல்லிவிட்டுப் போனான். மந்திரமூர்த்தி திரும்பினால், செண்பகவல்லி இடுப்பில் அண்டாவோடு பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபமில்லை. அண்டாத் தண்ணீர் கொஞ்சம் தளும்பியது, அவ்வளவுதான். அவளுக்குக் கீழே மணல் வெறுமனே இருந்தது. கோமதிநாயகம் சீட்டுக்கட்டைக் கலைத்துக் கலைத்து அடுக்கிக்கொண்டிருந்தான். வீட்டில் எல்லார் காதிலும் அந்த வார்த்தை விழுந்திருந்தது. ஒருவரும் அதைத் திருத்தவில்லை.

விடிந்ததும் சும்மா நாள். கரை முழுக்க விஷயம் பரவிவிட்டது. நிழல் கிடக்கிறது என்றால் கிடக்கிறது, அதை மிதிக்காமல் இருக்க வேண்டும் அல்லவா என்று யாரோ ஆற்றிலிருந்து கல் எடுத்து வந்து சுற்றிலும் வைத்தார்கள். யாரோ மஞ்சள் தெளித்தார்கள், அது என்ன சாமியா என்று வேறு யாரோ சண்டை போட்டார்கள். காட்டிலாகா காவலர் வந்து, கரையில் எந்தப் பொருளையும் விட்டுப் போகக் கூடாது என்று சத்தம் போட்டு, பிறகு குனிந்து பார்த்து, "பிளாஸ்டிக் இல்லைல்ல? அப்ப கிடக்கட்டும்," என்று போனார். வெயில் ஏறி மணல் கொதிக்கத் தொடங்கியதும், அந்த நிழல் கிடந்த இடம் மட்டும் ஆலமரத்தடி போலக் குளிர்ந்திருப்பதை ஒரு பிள்ளைத்தாய்ச்சி கண்டுபிடித்து ஓரமாக உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து ஒருத்தி கைக்குழந்தையைக் கொண்டுவந்து அதன் தோளருகே கிடத்தினாள். ஒருத்தி மோர்ப்பானையை அதன் கால்மாட்டில் வைத்தாள். ஐஸ் விற்கிறவன் பெட்டியை அதன் முதுகோரம் நிறுத்திக்கொண்டான். எல்லாரும் மெதுவாகவே பேசினார்கள். ஆள் தூங்கும்போது பக்கத்தில் இருந்து பேசுகிற பேச்சு அது.

ஆண்களுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ஒவ்வொருவனும் ஏதோ காரணம் சொல்லித் தன் வீட்டுப் பெண்ணை வெயிலுக்கு அழைத்து வந்து காலடியைப் பார்த்தான். "ஏளா, இங்கன வந்து இந்தக் கொடியப் பிடி," என்று ஒருவன் ஒன்றும் இல்லாத கொடியைக் காட்டினான். பெண்களுக்குத் தெரியாமல் இல்லை. வந்து நின்று, நிழலைக் காட்டி, "போதுமா? பத்திரமா இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பார்த்தவன் ஒவ்வொருவனும் நெஞ்சைத் தடவிக்கொண்டு, எங்கள் வீட்டதில்லை என்று உரக்கச் சொன்னான்.

மந்திரமூர்த்தியும் அந்தக் கூட்டத்தில் நின்று அதையே சொன்னார். சொல்லிவிட்டுக் குடிலுக்கு வந்தார். செண்பகவல்லி சார்ப்புக்குள், புகையில், களி கிண்டிக்கொண்டிருந்தாள். வெந்நீர் ஆகியிருந்தது, இட்லி வெந்திருந்தது, கோழி வாட்டியிருந்தது. இதெல்லாம் முடிந்தால் அவள் வெளியே வருவாள், கொடியில் துணி எடுக்க வருவாள், வெயிலில் நிற்பாள், தளவாய் பார்ப்பான். மந்திரமூர்த்தி ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு, "செண்பகம், அதிரசமும் போட்டுரும்மா. பிள்ளைக ஆசைப்படுது," என்றார்.

பிள்ளைகள் அதிரசத்தைக் கேட்கவே இல்லை. மாவு இடிக்க வேண்டும், பாகு காய்ச்ச வேண்டும், சாயங்காலம் வரைக்கும் இழுக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் அவர் அதிரசத்தைத் தேர்ந்தெடுத்தார்.

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "சரி மாமா," என்றாள். அந்தப் பார்வையில் அவள் எல்லாவற்றையும் கண்டுகொண்டாள் என்பது அவருக்கு விளங்கியது. விளங்கிய பிறகும் அவர், "வேண்டாம், விடு," என்று சொல்லவில்லை.

மத்தியானச் சாப்பாடு ஊரே மெச்சும்படி இருந்தது. குழம்பும் வறுவலும் சாப்பிட்ட மாப்பிள்ளை பாதிப் பேச்சில் தூங்கிப்போனார். கோமதிநாயகம் சீட்டைக் கையில் பிடித்தபடியே தூங்கினான். கரையில் அத்தனை குடிலும் குறட்டைவிட்டது. சார்ப்புக்குள் உலக்கைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மந்திரமூர்த்தி துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நிழலிடம் போனார். பிள்ளைத்தாய்ச்சி எழுந்து போயிருந்தாள், ஐஸ்காரனும் இல்லை. அவர் கல்லுக்கு வெளியே குந்தினார்.

"எந்திரிம்மா," என்றார் தாழ்ந்த குரலில். "நேரமாச்சு. நாளைக்கு நிழலு வைக்கணும். ஒண்ணு குறைஞ்சா பூசாரி சபையில கேப்பான்."

நிழல் முழங்காலை இன்னும் கொஞ்சம் மடக்கிக்கொண்டது. அவர் குனிந்து பார்த்தார். அதன் இடது கை தலைக்கடியில் இருந்தது. வலது கை மணலில் கிடந்தது. அந்தக் கை மட்டும் தூங்கவில்லை. மெல்ல, வட்டமாக, நிற்காமல், எதையோ கிண்டிக்கொண்டிருந்தது. அவர் பின்னால் சார்ப்பைத் திரும்பிப் பார்த்தார், உலக்கை விழுகிற சத்தம் கேட்டது. இங்கே இது தூக்கத்தில் வேறு ஏதோ ஒரு நாளின், வேறு ஏதோ ஒரு அடுப்பின் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் பொறுத்து அந்தக் கை நின்றது, ருசி பார்ப்பது போல வாயருகே போனது, மறுபடி மணலுக்கு வந்து கிண்டத் தொடங்கியது.

மந்திரமூர்த்தி எழுந்து வந்துவிட்டார். அதன்பிறகு அவருக்குத் தூக்கம் வரவில்லை. ஆனாலும் மனிதனுடைய மானம் இருக்கிறதே, அது நெஞ்சு உறுத்துவதற்கு முன்னால் ஊர் வாயைத்தான் எண்ணிப் பார்க்கும். அதிரசம் எடுத்து முடிந்த நேரத்தில் அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். சார்ப்பு வாசலில் போய் நின்று, மூங்கிலைச் சுரண்டிக்கொண்டே பேசினார்.

"செண்பகம், நாளைக் காலைல நாங்க எல்லாரும் நிழலு வைக்கப் போயிருவோம். நீ வர வேண்டாம். நீ இங்கனயே இருந்து சாமானப் பாத்துக்கோ. குரங்கு தொல்லையா இருக்கு பாரு."

அவள் எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "சரி மாமா. எப்பவும் போலத்தான?"

"எப்பவும் போலன்னா?"

"எப்பவும் நாந்தான இருப்பேன்."

மந்திரமூர்த்தி சுரண்டுவதை நிறுத்தினார். "நீ வரிசைல நின்னதே இல்லையா?"

"சாமானுக்கு ஆளு வேணும்ல மாமா. நான் வந்த புதுசுல அத்தை இருந்தாக. அவுகளுக்கு ஒத்தாசையா நானும் இருந்தேன். அவுகளுக்குப் பெறகு நான் இருக்கேன்." புகாராக அவள் இதைச் சொல்லவில்லை. உப்பு எந்தப் பானையில் இருக்கிறது என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னாள்.

அவர் ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றார். வருஷா வருஷம் தன் வீட்டாரைக் கூட்டிப்போய் நிறுத்தி, பூசாரி கேட்க, "எல்லாரும் வந்தாச்சு சாமி," என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவர் அவர்தான். அகலப்பாறையில் அக்காவின் கூனல் நிழல் விழுந்தது அவருக்கு ஞாபகம் இருக்கிறது. பிள்ளைகள் ஒன்றின் நிழல் தலையில் ஒன்று கொம்பு வைத்து விளையாடியது ஞாபகம் இருக்கிறது. மனைவி ஆவுடையம்மாளின் நிழல் அந்தப் பாறையில் எங்கே விழுந்தது, தன் இடப்பக்கமா வலப்பக்கமா என்று தேடித் தேடிப் பார்த்தார். விழுந்திருந்தால்தானே கிடைக்கும். செண்பகவல்லியை மறைக்க அவர் நாள் முழுக்கப் பாடுபட்டிருக்க வேண்டியதே இல்லை. இல்லாத ஒன்று காணாமல் போனால் யார் கண்டுபிடிப்பார்கள்?

காதோரம் சுட்டது. வெயில் எப்போதோ இறங்கியிருந்தது.

"அந்தக் குரங்கு விரட்டுற கம்பு," என்றார், திரும்பாமலே, "அத எங்க வச்சிருக்க?"

"எதுக்கு மாமா?"

"நாளைக்கு நான் இருக்கேன். நீ போயிட்டு வா."

அவள் தன் காலடியைப் பார்த்தாள். பிறகு, "எனக்குத்தான் நிழலு இல்லையே மாமா," என்றாள்.

"ஆளு இருக்கேம்மா," என்றார்.

மறுநாள் காலையில் வீட்டார் குளித்துக் கிளம்பியபோது குழப்பம்தான். பெரியவர் இல்லாமல் யார் பூசாரிக்குப் பதில் சொல்வது என்றான் கோமதிநாயகம். உனக்கு வாய் இல்லையா என்றார் அவர். செண்பகவல்லியின் மூட்டையில் கோயிலுக்குக் கட்டுகிற மாதிரி ஒரு சேலை இல்லை, எந்த வருஷமும் தேவைப்பட்டதில்லை; உலகம்மாள் தன் பெட்டியைத் திறந்து பார்த்து, மைனிக்கு என்று தன்னுடைய அரக்குப் பட்டுச்சேலையை எடுத்துக் கொடுத்தாள். அவர்கள் போனார்கள். விடிகாலை வெயிலில் எல்லார் காலடியிலும் ஒரு நிழல் சேர்ந்து போக, நடுவில் அரக்குச் சேலை மட்டும் தனியாகப் போவதை அவர் மணலில் நின்று பார்த்தார்.

கம்பு பிடிப்பது லேசான வேலையில்லை என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. ஒரு பக்கம் தட்டினால் மறுபக்கம் குரங்கு வந்தது. மிச்ச அதிரசத்தைத் தூக்கு வாளியோடு கொண்டுபோனது. அவர் ஓடினார், மூச்சு வாங்கினார், கடைசியில் மூட்டைகளையெல்லாம் இழுத்து நிழலைச் சுற்றிப் போட்டுவிட்டு, நடுவில் அதன் தலைமாட்டில் கம்போடு உட்கார்ந்துகொண்டார். நிழலின் வலது கை இப்போதும் கிண்டிக்கொண்டிருந்தது.

கோயிலில் கொட்டுச் சத்தம் ஓய்ந்தது. நிழல் வைத்து முடித்தவர்கள் ஆற்றோரமாகத் திரும்பத் தொடங்கினார்கள். முதலில் தளவாய்தான் வந்தான், நெற்றி நிறையத் திருநீறோடு.

"என்ன அண்ணாச்சி, நீங்க நிழலு வைக்க வரல? இதென்ன, இந்த அநாத நிழலுக்குக் காவலா?"

 மந்திரமூர்த்தி மணலில் கம்பை ஊன்றிக்கொண்டார்.

"அநாத இல்ல வே. எங்க வீட்டு நிழலு. என் மருமக செண்பகவல்லியோடது. அன்னைக்கு உன்கிட்ட பொய் சொன்னேன்."

தளவாய் வாயைத் திறந்தான்.  திரும்பித் தன் குடிலைப் பார்த்தான். அங்கே அவனுடைய மனைவி மூட்டைகளுக்கு நடுவில் ஒரு கம்போடு உட்கார்ந்திருந்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு அந்தப் பக்கம் நடந்தான்.

அடுத்து வந்தவர்கள் கேட்டார்கள். அதற்கடுத்து வந்தவர்களும் கேட்டார்கள். கரையிலிருந்த அத்தனை வீட்டாரும் அந்த வழியாகத்தான் திரும்ப வேண்டும். ஒவ்வொருவருக்கும் அவர் சொன்னார்: எங்க வீட்டு நிழலு, என் மருமக செண்பகவல்லியோடது. ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரியே கூசியது. காது கேட்காத ஒரு கிழவர் இரண்டு முறை கேட்டார். இரண்டாவது முறை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அது ஆற்றுக்கு அக்கரை வரைக்கும் கேட்டது.

அவருடைய வீட்டார் கடைசியாக வந்தார்கள். பிச்சம்மா தூரத்திலிருந்தே தொடங்கிவிட்டாள். "ஏல மூர்த்தி, பூசாரி முழிச்ச முழி இருக்கே! ஆள எண்ணுனா நிழலு ஒண்ணு குறையுது, என்ன சங்கதின்னு கேட்டான். உன் மகன் வாயில கொழுக்கட்ட. இவதான் சொன்னா: 'அது தூங்குது சாமி, எழுப்ப மனசில்ல, நான் மட்டும் வந்தேன்'னு. அவன் கொஞ்சம் யோசிச்சிட்டு, செம்புத் தண்ணிய இவ காலுலயே ஊத்திட்டான்."

செண்பகவல்லியின் காலில் ஈரம் இன்னும் இருந்தது, மணல் ஒட்டியிருந்தது. அவள் மூட்டைகளையும், அவற்றின் நடுவே கம்போடு உட்கார்ந்திருந்த மாமனாரையும் பார்த்தாள். பழக்கதோஷத்தில் சார்ப்புப் பக்கம் திரும்பினாள். பிறகு என்ன நினைத்தாளோ, அரக்குப் பட்டு கசங்குமே என்றுகூடப் பார்க்காமல் வந்து, தன் நிழலுக்குப் பக்கத்தில் மணலில் காலை நீட்டி உட்கார்ந்தாள். நிழலின் வலது கை இன்னும் இரண்டு சுற்றுக் கிண்டிவிட்டு நின்றது. அது புரண்டு அவள் பக்கமாகத் திரும்பிப் படுத்தது.

கோமதிநாயகமும் மாப்பிள்ளையும் குடிலைப் பிரித்தார்கள், பாத்திரம் கழுவினார்கள், எது எந்த மூட்டையில் போகும் என்று தெரியாமல் ஒவ்வொன்றையும் இரண்டு முறை கட்டி அவிழ்த்தார்கள். பக்கத்துக் குடில்காரர்களெல்லாம் ஒவ்வொரு லாரியாக இறங்கிப் போனார்கள். இவர்களுடைய லாரியும் சாமான் ஏற்றி, பிள்ளைகளை ஏற்றி, பிச்சம்மாவைத் தூக்கி உட்காரவைத்துத் தயாராக நின்றது. நிழலுக்குப் பக்கத்திலேயே படுத்துவிட்ட செண்பகவல்லி எழவில்லை. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. வெயில் உச்சிக்கு வந்தது. கீழே செக்போஸ்ட்டை நேரத்துக்குள் தாண்ட வேண்டும் என்ற அவசரத்தில் டிரைவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டுக் கையை ஹாரனுக்குக் கொண்டுபோனான்.

மந்திரமூர்த்தி கம்போடு லாரியைப் பார்த்து ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"அடிக்காதப்பா, அடிக்காத," என்றார், உதட்டில் விரலை வைத்து. "ஆளு தூங்குது."